கைமாறிய பின்னும் அதே மக்ரூன்: தூத்துக்குடியில் ஒரு தெருமுனை பேக்கரி

தூத்துக்குடியில் பனிமய மாதா ஆலயத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய ஒரு தெருமுனையில், பச்சை வண்ணம் பூசிய மரக்கதவுகளோடு ஒரு சிறிய பேக்கரி இருக்கிறது. பெயர்ப்பலகையில் ஏதோ ஒரு பெயர் எழுதியிருக்கிறது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி யாரும் அதைக் குறிப்பிட்டு நான் கேட்டதில்லை. எங்கள் எல்லோருக்கும் அது அண்ணாச்சி பேக்கரிதான். 2024 ஜூன் மாதம் அண்ணாச்சி அந்தக் கடையை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து இந்த ஊரை விட்டு வெளியே போயிருக்கும் உறவினர்களும் பழைய சிநேகிதிகளும் தொலைபேசியில் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, முட்டை வெண்கருவும் சீனியும் முந்திரியும் சேர்த்துச் செய்யும் எங்கள் ஊர் இனிப்பான மக்ரூன் பழையபடி இருக்கிறதா என்பதுதான். கேட்டவுடன் பதில் சொல்லாமல், ஒரு மழைக்காலமும் ஒரு கிறிஸ்துமஸும் இரண்டு மாதா திருவிழாக்களும் கடந்த பிறகு சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன். இப்போது சொல்கிறேன்.

அண்ணாச்சி ஏன் விட்டார் என்பதைச் சொல்லாமல் கடையின் இன்றைய நிலையைச் சொல்ல முடியாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் மாவட்டத்தில் பெய்த மழையை இங்கே இருந்தவர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. உப்பு விளைவதற்கு ஏற்ற வறண்ட வானிலை கொண்ட எங்கள் பகுதியில் ஒரு வருடம் முழுவதும் பெய்யும் சராசரி மழையைவிட அது அதிகம். கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரமே இருந்த நேரம் அது. கேக்குக்காக ஊறவைத்திருந்த உலர்பழங்கள், அடுக்கி வைத்திருந்த மைதா மூட்டைகள், சீனி, முந்திரிப் பருப்பு, முற்றத்தில் கிடந்த விறகு எல்லாமே நீரில் போயின. இவற்றையெல்லாம் மறுபடி வாங்கிவிடலாம். ஆனால் செங்கலும் களிமண்ணும் கொண்டு கட்டிய விறகு அடுப்பின் அடித்தளம் மூன்று நாள் நீரில் நின்றது. அது காய்வதற்கு வாரக்கணக்கில் ஆயிற்று. அவசரப்பட்டு நெருப்பு மூட்டினால் உள்ளே ஊறிய ஈரம் ஆவியாகிச் செங்கலை வெடிக்கச் செய்துவிடும் என்பதால், தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறு தீ போட்டுத்தான் அதை உலர்த்தினார்கள். பிப்ரவரியில் கடை திறந்தது. அண்ணாச்சிக்கு எழுபது வயது கடந்துவிட்டது. பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில் வேலையில் இருக்கிறார்கள். 'இன்னொரு மழை வந்தா என்னால தாங்க முடியாதும்மா' என்று அவர் என்னிடம் சொன்னபோதே, கடை வெகுநாள் அவரிடம் இருக்காது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

வாங்கியவர் எங்கள் ஊர்க்காரரே. சரக்குக் கப்பல்களிலும் பயணிகள் கப்பல்களிலும் சமையலறையில் ரொட்டி சுடும் வேலையில் பல ஆண்டுகள் இருந்துவிட்டுக் கரைக்குத் திரும்பியவர். வயது நாற்பதுக்குள் இருக்கும். நாங்கள் தம்பி என்று கூப்பிடுகிறோம். நல்ல தொழிலாளி, சுத்தத்தில் மிகுந்த கண்டிப்பு உள்ளவர் என்பதை முதல் வாரத்திலேயே எல்லோரும் பார்த்தோம். தலையில் துணித் தொப்பியும் கையில் உறையும் இல்லாமல் அடுக்களைப் பக்கம் யாரும் போக முடியாது. கண்ணாடி அலமாரியில் ஒவ்வொரு பண்டத்துக்கும் கீழே அது எப்போது சுடப்பட்டது, எதுவரை சாப்பிடலாம் என்று எழுதிய சிறு அட்டை வந்தது. பழைய தகரத் தட்டுகளில் துருப்பிடித்தவற்றை எடுத்துவிட்டுப் புதியவற்றை வாங்கினார். எல்லாவற்றையும்விட முக்கியமாக, அண்ணாச்சியிடம் 30 ஆண்டுகள் வேலை பார்த்த மாஸ்டரைப் போக விடாமல், பழைய சம்பளத்துக்குக் குறையாமல் தம்மோடு வைத்துக்கொண்டார்.

இவ்வளவு இருந்தும் முதல் மூன்று மாதம் பண்டங்கள் சரியாக வரவில்லை என்பதை நான் எழுதித்தான் ஆக வேண்டும். 2024 மாதா திருவிழாவுக்கு, அதாவது ஜூலை 26 கொடியேற்றத்துக்கும் ஆகஸ்ட் 5 திருநாளுக்கும் இடையே, சென்னையிலிருந்து வந்த என் நாத்தனார் குடும்பத்துக்காக இரண்டு கிலோ மக்ரூன் வாங்கினேன். பார்ப்பதற்கு வெள்ளை வெளேரென்று, முனை மடங்காமல், அழகாகத்தான் இருந்தது. கடித்தபோது மேல்தோடு மட்டும் கடினமாக உடைந்தது. உள்ளே பிசுபிசுவென்று பல்லில் ஒட்டியது. டப்பாவில் போட்டு மூடிவைத்த மறுநாளே ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. நாத்தனார் எதுவும் சொல்லவில்லை. ஆனால் ஊருக்குத் திரும்பும்போது வழக்கமாக வாங்கிச் செல்லும் மூன்று டப்பாக்களை அவர் கேட்கவும் இல்லை. அன்று எனக்கு ஏற்பட்ட வருத்தம், ஒரு தின்பண்டத்துக்காக ஏற்படக்கூடிய வருத்தத்தைவிடப் பெரியது.

இதற்கான காரணத்தைப் புரிந்துகொள்ள, எங்கள் ஊர் மக்ரூன் எப்படி ஆகிறது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெளிநாட்டு இனிப்புக் கடைகளில் பாதாம் மாவில் செய்து, இரண்டு வட்டங்களுக்கு நடுவே கிரீம் வைத்து, பல வண்ணங்களில் விற்கும் பண்டம் வேறு, இது வேறு. நம்முடையது முட்டையின் வெண்கரு, சீனி, முந்திரிப் பருப்பு ஆகிய மூன்றே பொருள்களால் ஆனது. இதில் மைதா இல்லை, வெண்ணெய் இல்லை, நிறமும் இல்லை. 16ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறை என்னும் எங்கள் கடற்கரைக்கு வந்த போர்த்துக்கீசியர் வழியாக இது வந்தது என்று ஊரில் சொல்வார்கள். முந்திரி மரத்தையே பிரேசிலிலிருந்து நம் நாட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் அவர்கள்தாம் என்பதால், பாதாமின் இடத்தில் முந்திரி வந்து உட்கார்ந்ததை நம்புவது கடினமில்லை. வெண்கருவை மஞ்சள் கருவின் ஒரு துளிகூடக் கலக்காமல் பிரித்தெடுக்க வேண்டும். அந்தத் துளியில் உள்ள கொழுப்பு போதும், எவ்வளவு அடித்தாலும் நுரை நிற்காது. நுரை கெட்டியாகிப் பாத்திரத்தைக் கவிழ்த்தாலும் விழாத நிலைக்கு வரும் வரை அடித்து, இடையிடையே சீனியைச் சேர்த்து, கடைசியில் பொடித்த முந்திரியை நுரை அமுங்காதபடி கையாலோ மரக்கரண்டியாலோ புரட்டிக் கலந்து, காகிதக் கூம்பில் நிரப்பித் தாள் விரித்த தட்டில் பிழிவார்கள். ஒவ்வொன்றையும் பிழிந்து முடிக்கும்போது மணிக்கட்டைச் சற்றுச் சுழற்றி மேலே இழுத்தால்தான் அந்தக் கூர் முனை வரும்.

இதுவரை சொன்னதை எந்த அடுக்களையிலும் செய்துவிடலாம். இதற்குப் பிறகுதான் அடுப்பின் வேலை. மக்ரூன் வேக வேண்டிய பண்டமே அல்ல. அது உலர வேண்டிய பண்டம். சூடு அதிகமானால் சீனி நிறம் மாறிப் பழுப்பாகும். மேல்தோடு முதலில் இறுகிவிட்டால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் அங்கேயே தங்கிப் பிசுபிசுக்கும். ஆகவே மெல்லிய சூட்டில், அதுவும் மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே போகும் சூட்டில், இரவு முழுவதும் இருக்க வேண்டும். விறகு அடுப்பில் இது தானாகவே நடக்கிறது. பிற்பகலில் உடைமர விறகை அடுப்புக்குள்ளேயே எரித்து, தணலை வாரி வெளியே எடுத்து, நனைத்த சாக்கினால் தளத்தைத் துடைத்து, முதலில் ரொட்டியை வைப்பார்கள். அதற்குத்தான் கடுஞ்சூடு வேண்டும். ரொட்டி வெளியே வந்ததும் பன். பன்னுக்குப் பின் பிஸ்கட். அதற்குப் பின் ரஸ்க். எல்லாம் முடிந்து இரவு பத்து மணிக்கு மேல், செங்கல் சேர்த்து வைத்திருக்கும் மிச்சச் சூட்டில் மக்ரூன் தட்டுகளை அடுக்கிக் கதவைச் சாத்திவிட்டால், விடியும்போது எடுக்கலாம். தினமும் ஒரே அடுப்பு, ஒரே நெருப்பு. சூடு இறங்க இறங்க அந்தந்தப் பண்டத்தின் முறை வரும்.

புதிய உரிமையாளர் வந்ததும் மின்சார அடுப்பு ஒன்றை வாங்கி, ரொட்டி, பன், பிஸ்கட் மூன்றையும் அதற்கு மாற்றினார். அதில் தவறு காண முடியாது. புகையில்லை, சூட்டை எண்ணில் வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கலாம், கப்பலில் அவர் பழகியதும் அதுதான். ஆனால் ரொட்டி அங்கே போனதும் விறகு அடுப்பை மூட்டுவதற்குக் காரணம் இல்லாமல் போயிற்று. விறகு அடுப்பு மூட்டப்படாதபோது இரவில் மக்ரூனுக்கு வேண்டிய மிச்சச் சூடு எங்கிருந்து வரும்? ஆகவே மக்ரூனும் மின்சார அடுப்புக்கே போயிற்று. அங்கே உள்ளிருக்கும் விசிறி சூடான காற்றை ஓயாமல் சுழற்றியதால் மேல்தோடு சீக்கிரமே இறுகியது. நாங்கள் திருவிழாவில் வாங்கியது அப்படிப்பட்ட மக்ரூனைத்தான். மாஸ்டர் இதை முதல் நாளே சொல்லியிருக்கிறார் என்று பின்னால் தெரிந்தது. ஆனால் அதைச் சொல்லும்போது அவருக்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை, 'இதுல வராது' என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

செப்டம்பர் மாதம் ஒரு நாள் கடைக்குப் போனபோது மறுபடியும் விறகுப் புகையின் வாசம் வந்தது. உள்ளே எட்டிப் பார்த்தேன். தம்பி அடுப்பின் வாயருகே குந்தியிருந்தார். மாஸ்டர் ஒரு சிட்டிகை மைதாவைத் தளத்தில் தூவி, அது வெள்ளையிலிருந்து பொன்னிறமாக மாறுவதற்குள் உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருந்தார். மாவு உடனே கருகினால் இன்னும் ஆற வேண்டும். நிறம் மாறவே நேரமெடுத்தால் ரொட்டியின் நேரம் தாண்டிவிட்டது. தம்பியின் கையில் ஒரு நோட்டுப் புத்தகமும், சூட்டை அளக்கும் சிறு கருவியும் இருந்தன. மாஸ்டர் எண்ணி முடிக்கும் ஒவ்வொரு முறையும் அவர் கருவியைப் பார்த்து ஓர் எண்ணை எழுதிக்கொண்டார். அந்தக் காட்சி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இரவு மக்ரூன் வைக்கும் நேரத்துக்கு மாஸ்டர் கருவியும் மாவும் பார்ப்பதில்லை. முழங்கை வரை அடுப்புக்குள் நீட்டி, கை எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பார்ப்பார். அதையும் தம்பி எழுதி வைத்திருக்கிறார். தமக்குத் தெரியாததைத் தம்மிடம் சம்பளம் வாங்கும் ஒருவரிடம் உட்கார்ந்து கற்றுக்கொள்ளும் ஒருவரிடம்தான் அண்ணாச்சியின் கடை போயிருக்கிறது என்ற நிம்மதியோடு அன்று வீட்டுக்கு வந்தேன்.

அந்த மாதத்திலிருந்து ரொட்டியும் பன்னும் ரஸ்க்கும் விறகு அடுப்புக்குத் திரும்பின. பஃப்ஸ், கேக் ஆகிய இரண்டும் மட்டும் மின்சார அடுப்பில் ஆகின்றன. மக்ரூன் எப்படி இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு என் பதில்: அண்ணாச்சி காலத்தில் இருந்ததுபோலவே இருக்கிறது. இரண்டு விரலால் எடுத்தால் எடையே தெரிவதில்லை. நடுவில் உடைத்தால் தேன்கூடு போன்ற நுண்ணிய துளைகள் அடி வரைக்கும் ஒரே சீராக இருக்கின்றன. வாயில் போட்டதும் சீனி முதலில் கரைகிறது. நுரை அதன் பின்னால் போகிறது. முந்திரியின் மணல் போன்ற பொடி மட்டும் நாக்கில் கடைசியாகத் தங்குகிறது. அந்தப் பொடி அரைபட்டு எண்ணெய் விடாமல், சற்றுக் கொரகொரப்பாக இருக்கிறது என்பதால்தான் அந்தச் சுவை வருகிறது. 2025 மாதா திருவிழாவுக்கு நாத்தனார் வந்தபோது நான் எதுவும் சொல்லாமல் தட்டை வைத்தேன். ஊருக்குப் போகும்போது ஐந்து டப்பாக்கள் கட்டச் சொன்னார்.

மழைக்காலத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஈரக்காற்றுதான் மக்ரூனுக்குப் பகை. சீனி காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பிடிக்கும்போது சில கடைகளில் நமுத்துப்போன மக்ரூனையும் விற்றுவிடுவார்கள். 2024 நவம்பரில், மறுநாள் சென்னைக்கு முத்துநகர் விரைவு வண்டியில் போகவிருந்த ஒருவரிடம் கொடுத்தனுப்புவதற்காக ஒரு கிலோ கேட்டேன். அலமாரியில் சரக்கு இருந்தது. 'அக்கா, இது நேத்து எடுத்தது, காத்து சரியில்ல, வீட்டுக்குன்னா எடுத்துக்கிடுங்க, ரயிலுக்கு வேண்டாம். நாளைக்கு விடியக் காலம் எடுக்கிறதை அடுப்புல இருந்து நேரா டப்பாவில போட்டுத் தாரேன்' என்றார் தம்பி. மறுநாள் காலையில் வாங்கி, மாலையில் கொடுத்தனுப்பினேன். சென்னையில் இறங்கியபோதும் மொறுமொறுப்பு குறையவில்லை என்று செய்தி வந்தது. கையில் இருக்கும் சரக்கை விற்காமல் வாங்க வந்தவரைத் திருப்பி அனுப்புவது எவ்வளவு பெரிய காரியம் என்பது கடை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்.

ரொட்டியைப் பற்றிச் சொல்லப் போனால், அண்ணாச்சி காலத்தைவிட இப்போது நன்றாக இருக்கிறது என்றே சொல்வேன். மாவைப் பிசைந்து ஊறவைக்கும் நேரத்தைத் தம்பி கூட்டியிருக்கிறார்; ஈஸ்ட் அளவைக் குறைத்திருக்கிறார். அதனால் ரொட்டியில் முன்பு இருந்த அந்த லேசான புளித்த வாடை போய், மாவின் வாசம் வருகிறது. மூன்றாம் நாளும் உதிராமல் வெட்ட வருகிறது. கப்பலிலிருந்து அவர் கொண்டுவந்த ஒரே புதிய பண்டம், உள்ளங்கை அளவில் மேல்தோடு கெட்டியாகவும் உள்ளே பஞ்சாகவும் இருக்கும் ஒரு சிறிய உருண்டை ரொட்டி. ஆரம்பத்தில் யாரும் வாங்கவில்லை. காய்ந்துபோன பன் என்று நினைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சீலா மீன் குழம்பில் அதைப் பிட்டுத் தோய்த்துச் சாப்பிட்டுப் பார்த்தவர்கள் இப்போது சனிக்கிழமையே சொல்லி வைக்கிறார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான்.

தேங்காய் பன்னில் மாற்றமில்லை. உள்ளே வைக்கும் தேங்காய்ப் பூவில் சீனியோடு ஒரு ஏலக்காய் வாசம் இருக்கும். அது அப்படியே இருக்கிறது. ரஸ்க்கை முன்பைவிடச் சற்று மெலிதாக வெட்டுகிறார்கள். தேநீரில் முக்கினால் சீக்கிரம் விழுந்துவிடுகிறது. எனக்குப் பழைய பருமனே பிடிக்கும். உப்பு பிஸ்கட்டும் பட்டர் பிஸ்கட்டும் நன்றாக இருக்கின்றன. வனஸ்பதியை அடியோடு விட்டுவிட்டுப் பட்டர் பிஸ்கட்டில் உண்மையிலேயே வெண்ணெயைச் சேர்ப்பதாகத் தம்பி சொன்னார். சாப்பிட்டால் மேலண்ணத்தில் மெழுகுபோல ஒட்டிக்கொள்வதில்லை என்பதிலிருந்து அது தெரிகிறது. விலை கூடியிருப்பதற்கும் அதுவே காரணம். அந்த விலையை நான் மனமாரக் கொடுப்பேன்.

கேக் விஷயத்தில் எனக்குக் குறை உண்டு, அது இன்னும் தீரவில்லை. மக்ரூன் செய்யும் பேக்கரியில் மஞ்சள் கரு மலைபோல மிஞ்சும். நூறு முட்டை உடைத்தால் மூன்று கிலோ வெண்கரு மக்ரூனுக்குப் போகும். கிட்டத்தட்ட இரண்டு கிலோ மஞ்சள் கரு பாத்திரத்தில் நிற்கும். அண்ணாச்சி அந்த மஞ்சள் கருவை வைத்துத்தான் கேக் போடுவார். ஒரு துண்டு கேக் என்றால் வெட்டிய இடம் செம்பருத்தி மகரந்தம்போல மஞ்சளாக இருக்கும். கிரீம் எதுவும் இல்லாமல், வெறும் கேக்காகவே தேநீரோடு சாப்பிடலாம். எங்கள் தெருப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சாப்பிட்டது அதுதான். இப்போது முட்டையில்லாத கேக் கேட்பவர்கள் அதிகம் என்று சொல்லி, பொட்டலத்தில் வரும் தயார் மாவைக் கரைத்துச் சுடுகிறார்கள். மேலே அடித்த கிரீம் பூசி அலங்காரம் செய்கிறார்கள். மஞ்சள் கருவை உணவு விடுதிகளுக்கு விற்றுவிடுகிறார்கள். முட்டை சாப்பிடாதவர்களுக்கு ஒரு கேக் இருக்கட்டும், அது நியாயமான தேவை. ஆனால் அதற்காக முட்டை சாப்பிடுகிறவர்களின் கேக்கை ஏன் நிறுத்த வேண்டும்? இரண்டையும் வைத்துக்கொள்ள இடமும் அடுப்பும் ஆளும் அந்தக் கடையில் இருக்கின்றன. இதைத் தம்பியிடம் நேரிலும் மூன்று முறை சொல்லிவிட்டேன். கிறிஸ்துமஸ் பிளம் கேக்கை மட்டும் பழைய முறையிலேயே, மஞ்சள் கரு சேர்த்து, சீனியைக் கருக்கி நிறமேற்றிச் செய்தார். அது மிகவும் நன்றாக இருந்தது. வருடத்துக்கு ஒரு மாதம் முடிகிறது என்றால் மற்ற மாதங்களிலும் முடியும்.

பஃப்ஸைச் சூடு காட்டும் கண்ணாடிப் பெட்டியில் நாள் முழுவதும் வைக்கிறார்கள். காலை பதினொரு மணிக்கு வாங்கினால் அடுக்கடுக்காக உதிரும். மாலை ஆறு மணிக்கு வாங்கினால் தோல் போலாகிவிடும். ஆகவே காலையில் மட்டும் வாங்குங்கள்.

நேரத்தைப் பற்றி ஒரு பெரிய சண்டையே நடந்தது. அண்ணாச்சி அதிகாலை நாலு மணிக்குக் கடையைத் திறந்துவிடுவார். விடியுமுன்னே படகுக்குப் போகிறவர்களும், வெயில் ஏறுமுன் வேலையை முடிக்க வேண்டும் என்பதற்காக இருட்டிலேயே உப்பளத்துக்குக் கிளம்பும் பெண்களும் இரண்டு பன்னும் ஒரு ரஸ்க் பொட்டலமும் வாங்கி முந்தானையிலோ தூக்குப் பையிலோ வைத்துக்கொண்டு போவார்கள். அவர்களுக்கு அதுதான் காலைச் சாப்பாடு. புதிதாக வந்ததும் தம்பி ஏழு மணிக்கு மாற்றினார். சுடச்சுடச் சரக்கு தயாராக இருக்கும்போது கடை பூட்டிக் கிடந்தது. வயதான ஓர் உப்பளத் தொழிலாளி ஒரு வாரம் வந்து வந்து திரும்பிப் போனதாக மாஸ்டர் சொன்ன பிறகுதான் தம்பிக்கு விஷயம் தெரிந்தது. அன்றிலிருந்து நாலரைக்குத் திறக்கிறார். தவறைச் சுட்டிக்காட்டியவுடன் திருத்திக்கொள்ளும் இந்தக் குணத்துக்காகவே கேக் விஷயத்திலும் நான் நம்பிக்கை இழக்கவில்லை.

அண்ணாச்சி வைத்திருந்த பற்று நோட்டு இப்போது இல்லை. மாதக் கடைசியில் கணக்குத் தீர்க்கும் குடும்பங்கள் பல இருந்தன. அவர்களுக்கு இது சிரமம்தான். புதிதாக முதல் போட்டு, வங்கிக் கடனும் கட்டிக்கொண்டிருப்பவரிடம் கடன் கேட்பது முறையல்ல என்று எனக்கே தோன்றுவதால், இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனாலும் உப்பளப் பெண்களுக்கும் படகுக்காரர்களுக்கும் மட்டும் வாரக் கணக்கு வைத்திருக்கிறார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். அவர் அதை வெளியில் சொல்லிக்கொள்வதில்லை.

மக்ரூன் கால் கிலோ 250 ரூபாய். கொல்லத்திலிருந்து வரும் முழு முந்திரியை வாங்கிக் கடையிலேயே பொடிக்கிறார்கள், நிலக்கடலை கலப்பதில்லை. விலை மலிவாக விற்கும் இடங்களில் கடலை கலந்திருக்கிறதா என்று நாக்கில் வைத்தே கண்டுபிடித்துவிடலாம். முந்திரியின் இனிப்புக்குப் பதிலாகப் பச்சைக் கடலையின் வாடை பின்னால் வந்து நிற்கும். தேங்காய் பன் 20 ரூபாய், ரொட்டி பெரியது 50 ரூபாய். பண்டங்களை எண்ணெய்த் தாளில் சுற்றி அட்டைப் பெட்டியில் வைத்துச் சணல் நூலால் கட்டிக் கொடுக்கிறார்கள். மக்ரூனுக்கு மட்டும் காற்றுப் புகாத டப்பா. வீட்டிலிருந்து எவர்சில்வர் டப்பா கொண்டுபோனால் அதிலேயே நிரப்பி, டப்பாவின் எடையைக் கழித்துக்கொள்கிறார்கள். கொண்டுபோவதே நல்லது.

அண்ணாச்சி கடையைக் கொடுத்த பிறகு ஆறு மாதம் அந்தப் பக்கமே வரவில்லை. வந்தால் தம்பிக்குச் சங்கடமாக இருக்கும் என்று நினைத்திருக்கிறார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் ஒரு மாலையில் வந்து, வாடிக்கையாளர் நிற்கும் பக்கத்தில் நின்றுகொண்டு, நூறு கிராம் மக்ரூன் கேட்டார். தம்பி பணம் வாங்க மறுத்தார். அண்ணாச்சி பணத்தை மேசைமேல் வைத்துவிட்டார். ஒன்றை எடுத்து உடைத்து, உடைந்த பக்கத்தை விளக்குக்கு நேரே பிடித்துத் துளைகளைப் பார்த்தார். பிறகு வாயில் போட்டுக்கொண்டு, அடுக்களைப் பக்கம் திரும்பி, 'மாஸ்டர், அடியில இருந்த தட்டா இது?' என்று கேட்டார். 'ஆமா அண்ணாச்சி, அடித்தட்டுதான்' என்று உள்ளிருந்து பதில் வந்தது. அடித்தட்டில் சூடு கொஞ்சம் அதிகம் படும். அதை அடுத்த நாளிலிருந்து ஒரு செங்கல் உயரத்துக்கு ஏற்றி வைக்கிறார்கள்.

போகிறவர்கள் அதிகாலை ஐந்தரை மணிக்குப் போனால் அடுப்பிலிருந்து எடுக்கும் மக்ரூன் கிடைக்கும். இரண்டு கிலோவுக்கு மேல் வேண்டுமென்றால் இரண்டு நாள் முன்னதாகச் சொல்லிவிடுங்கள். திருவிழா நாட்களில் ஒரு வாரம் முன்னதாக.